மாறியது எது, அறிவது எப்படி? கணினிக் கோப்பும் அளவை நூலும்

மேசைக் கணினியில் அண்மையில் திருத்தப்பட்ட கோப்புகளைத் தேடுவது எளிய வேலை. விண்டோஸில் கோப்புறையைத் திறந்து ‘திருத்திய தேதி’ என்னும் தலைப்பைச் சொடுக்கினால், கடைசியாக மாறியவை மேலே வந்து நிற்கும். தேடல் பெட்டியில் ‘இன்று’, ‘இந்த வாரம்’ என வரம்பு வைத்தும் வடிகட்டலாம். லினக்ஸில் ‘ஃபைண்ட்’ என்னும் கட்டளை கடந்த ஒரு நாளில் மாறியவற்றையோ, கடந்த பத்து நிமிடத்தில் மாறியவற்றையோ, குறிப்பிட்ட ஒரு கோப்பைவிடப் புதியவற்றையோ பட்டியலிட்டுத் தரும். மேக் கணினியில் ஸ்பாட்லைட் அதே வேலையைச் செய்கிறது. லட்சக்கணக்கான கோப்புகளுக்கு நடுவிலும் விடை விரைவில் கிடைத்துவிடுகிறது.

இந்தத் தேடல் இரண்டு பழைய தத்துவக் கேள்விகளின்மேல் நிற்கிறது. ‘இந்தக் கோப்பு மாறியது’ என்று சொல்லும்போது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருப்பது ஒரே கோப்பு என்று கொள்ளப்படுகிறது. மாறியும் ஒரு பொருள் அதுவாகவே இருப்பது எப்படி என்பது முதல் கேள்வி. அந்த மாற்றம் நிகழ்ந்ததைத் தேடுபவர் பார்க்கவில்லை; ஒரு தேதியைக் கொண்டே அதை அறிகிறார். அப்படிப் பெறும் அறிவு எவ்வளவு உறுதியானது என்பது இரண்டாம் கேள்வி. பௌத்தரும், நியாய நூல் வழிவந்த நையாயிகரும், சமணரும், சைவ சித்தாந்திகளும் நூற்றாண்டுகளாக வாதிட்டவை இவை. கோப்பு மனிதர் செய்த பொருள். அதன் உள்ளமைப்பு முழுவதும் தெரிந்த ஒன்று. ஆகவே அந்த வாதங்களை உரசிப் பார்க்க அது தக்க இடம்.

நேரக்குறிகள்

திருத்திய கோப்புகளைத் தேடும் மென்பொருள் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிப்பதில்லை. கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் எழுதிவைத்திருக்கும் நேரக்குறிகளை மட்டுமே படிக்கிறது. யூனிக்ஸ் மரபில் இவை மூன்று. உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம் ஒன்று. உரிமையாளர், அனுமதி முதலிய விவரங்கள் கடைசியாக மாறிய நேரம் மற்றொன்று. கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் மூன்றாவது. கோப்பு பிறந்த நேரத்தையும் பிற்காலக் கோப்பு முறைமைகள் சேர்த்துக்கொண்டன.

இந்த நேரங்கள் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. யூனிக்ஸ் முறைமைகள் 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளை எண்ணுகின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை 1601 ஜனவரி 1 தொடங்கி, ஒரு நொடியை ஒரு கோடிக் கூறாக்கி எண்ணுகிறது. பென் டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட் முறைமை, திருத்திய நேரத்தை 2 நொடிக்கு ஒருமுறை என்ற அளவில்தான் குறிக்கும்.

ஒவ்வொரு குறியும் ஒருவகை மாற்றத்தை மட்டும் சொல்கிறது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் திருத்திய தேதி மாறாது. அதை வைத்திருக்கும் கோப்புறையின் தேதிதான் மாறும். கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்பை அந்த இடத்திலேயே திருத்தினால் கோப்பின் தேதி மாறும். கோப்புறையின் தேதி மாறாது. கோப்புறையின் தேதியைப் பார்த்து ‘இங்கே ஒன்றும் மாறவில்லை’ என்று முடிவு செய்பவர் ஏமாறுவது இதனால்தான். முழுமை என்பது உறுப்புகளின் கூட்டம் மட்டும்தானா, உறுப்புகளுக்கு வேறான ஒரு பொருளா என்று பௌத்தரும் நையாயிகரும் வாதிட்டனர். கோப்பு முறைமை கோப்புறையைத் தனக்கெனத் தேதி கொண்ட தனிப்பொருளாக நடத்துகிறது. உறுப்பைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதற்கு மாற்றம்; உறுப்புக்குள் நிகழ்வது அதற்கு மாற்றம் ஆகாது.

மாறியும் அதுவே என்பது

ஒரு கோப்பை ‘அதே கோப்பு’ ஆக்குவது எது? அதில் உள்ள எழுத்துகள் என்று சொன்னால், ஒரு காற்புள்ளி சேர்ந்தவுடன் அது வேறு கோப்பாகிவிடும். பெயர் என்று சொன்னால், பெயர் மாற்றியவுடன் பழைய கோப்பு அழிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வட்டில் அது இருக்கும் இடம் என்றாலும் நிற்காது. சேமிக்கும்போதே அந்த இடம் மாறக்கூடும். யூனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்னும் உள் எண்ணைத் தருகிறது. பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கவும் முடியும். இதுவே கோப்பின் உயிர்நிலை என்று தோன்றும்.

ஆனால் பல மென்பொருள்கள் சேமிக்கும் முறை இந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. மின்சாரம் நடுவில் போனாலும் ஆவணம் சிதையாமல் இருக்க, அவை பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றைப் புதிதாக எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டி, பழையதை நீக்கிவிடுகின்றன. திருத்தியதாக நாம் நினைக்கும் ஆவணம் உண்மையில் புதிதாகப் பிறந்தது; முன்னது மறைந்துவிட்டது. உள் எண்ணும் புதியது.

இது பௌத்தரின் கணபங்க வாதத்துக்கு மிக நெருங்கிய நிலை. உள்ள பொருள் எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிலைக்காது; ஒத்த கணங்கள் இடையறாது தொடர்வதால் ஒரே பொருள் என்ற எண்ணம் எழுகிறது என்பது அவர்கள் கொள்கை. தொடர்ச்சியை அவர்கள் சந்தானம் என்றனர். மிலிந்தனின் கேள்விகள் என்னும் பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு இரவு முழுதும் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல என்பது அங்கே தரப்படும் விளக்கம்.

நையாயிகர் இதை மறுத்தனர். ‘அதுவே இது’ என்று மீண்டும் அறியும் அறிவைப் பிரத்தியபிக்ஞை என்பார்கள். நிலைத்த பொருள் இல்லையென்றால் அந்த அறிவு முழுவதும் மயக்கமாகிவிடும். உலக வழக்கே நடக்காது என்பது அவர்கள் வாதம். உதயணர் தம் ஆத்மதத்துவ விவேகத்தில் கணபங்கத்தை மறுக்கப் பெரும்பகுதியைச் செலவிட்டார். சமணர் இரண்டு பக்கத்தையும் ஏற்றனர். தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் கூடியதே உள்பொருள் என்பது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். பொருள் நிலைக்கிறது, அதன் பரியாயங்கள் என்னும் நிலை வேறுபாடுகள் மாறுகின்றன. சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. காரணத்தில் அடங்கியிருந்ததே காரியமாக வெளிப்படுகிறது என்று அது கொள்ளும். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்திருக்கிறார்.

விண்டோஸில் உள்ள ஓர் ஏற்பாடு இந்த வாதத்துக்கு நேரே வந்து சேர்கிறது. ஒரு கோப்பு நீக்கப்பட்டு, அல்லது பெயர் மாற்றப்பட்டு, 15 நொடிக்குள் அதே பெயரில் அதே கோப்புறையில் புதிய கோப்பு ஒன்று தோன்றினால், இயங்குதளம் பழைய கோப்பின் பிறந்த நேரத்தைப் புதிய கோப்புக்குத் தந்துவிடும். மேலே சொன்ன முறையில் சேமிக்கும் மென்பொருள்களுக்காகவே இது செய்யப்பட்டது. ஆவணத்தைத் திருத்தியவருக்கு அது புதிதாகப் பிறந்ததாகத் தோன்றக் கூடாது என்பது நோக்கம். உள்ளே நடப்பது கணபங்கம். வெளியே காட்டப்படுவது நிலைபேறு. இரண்டுக்கும் இடையில் 15 நொடி என்னும் வரம்பை வகுத்தது பொறியாளரின் முடிவு. பௌத்தர் பரமார்த்த உண்மை, வழக்கு உண்மை என்று இரண்டு தளங்களைப் பிரித்தது இத்தகைய நிலைக்குப் பொருந்துகிறது. கோப்பின் ஒருமை வழக்கு உண்மை. பயன் கருதி ஏற்கப்பட்ட அது பயன்படும் வரையில் மெய்யே.

நகலெடுப்பது இதே சிக்கலின் மறுபக்கம். தெசியஸின் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதினார்: பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னும் அது அதே கப்பல்தானா? 1655இல் வெளிவந்த தம் நூலில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொன்றைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு ஒருவர் இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல்? ஒரு கோப்பை நகலெடுத்தால் எழுத்துக்கு எழுத்து ஒத்த இரண்டு கோப்புகள் கிடைக்கின்றன. விண்டோஸ் நகலுக்குப் புதிய பிறந்த தேதியையும் மூலத்தின் திருத்திய தேதியையும் தருகிறது. பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு ஒன்று பட்டியலில் நிற்பது இதனால். முரணாகத் தோன்றும் இந்த இரண்டு தேதிகளும் உண்மையே: ஒன்று இந்தத் தனிப்பொருளின் வயது, மற்றொன்று அது தாங்கும் உள்ளடக்கத்தின் வயது.

தேதி எவ்வகைச் சான்று

அறிவு பெறும் வழிகளை அளவை என்று தமிழ் நூல்கள் வழங்குகின்றன. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றை முதன்மையாகக் கொள்கிறது. நியாயம் உவமையைச் சேர்த்து நான்கு என்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவை இரண்டே: காட்சி, கருதல். திருத்திய தேதி இவற்றில் எதைச் சேரும்?

அது காட்சி அல்ல. பார்வைக்கு வருவது எண் மட்டுமே, மாற்றம் வரவில்லை. இயங்குதளம் எழுதிவைத்த வாக்கு என்று கொண்டால் அது உரை. உரை சான்றாக வேண்டுமானால் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது நியாய நூல் விதி. ஆப்தர் என்பவர் பொருளை நேரே அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவர். இயங்குதளத்துக்குப் பொய் சொல்லும் விருப்பம் இல்லை. அறிந்ததை மட்டும் சொல்கிறதா என்பதே ஐயம். அதன் கடிகாரம் பிழையாக ஓடினால் தேதி பிழையாகும். மதர்போர்டில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்த கணினி, பல ஆண்டுகள் பின்னே சென்ற நாளைக் காட்டுவது அறிந்ததே. அந்த நேரத்தில் சேமித்த கோப்பு பட்டியலின் அடியில் போய் மறைந்துவிடும்.

பௌத்தர் வழியில் தேதியைக் கருதலுக்குரிய ஏதுவாகக் கொண்டால், ஏதுவுக்கும், அதைக் கொண்டு நிறுவப்படும் சாத்தியத்துக்கும் பிரியாத தொடர்பு இருக்க வேண்டும். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் புகைக்கு ஈர விறகும் வேண்டும். அந்தக் கூடுதல் நிபந்தனையை நையாயிகர் உபாதி என்பார்கள். தேதிக்கும் மாற்றத்துக்கும் இடையிலுள்ள தொடர்பு இருபுறமும் தளர்ந்தது. உள்ளடக்கம் மாறாமலே தேதி மாறலாம்: ஒன்றையும் திருத்தாமல் சேமித்தால் போதும், யூனிக்ஸின் ‘டச்’ கட்டளை தேதியை மட்டும் புதுப்பிக்கும். தேதி மாறாமலே உள்ளடக்கம் மாறலாம்: அதே கட்டளையால் பழைய தேதியைத் திரும்ப எழுதலாம், மறையாக்கக் கலன்களைக் கையாளும் சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே செய்கின்றன. சுருக்கிய கோப்புத் தொகுப்பை இன்று பிரித்தெடுத்தால் உள்ளிருப்பவை பெரும்பாலும் பழைய தேதியுடனே வெளிவரும். இன்று வந்த கோப்பு என்று தேடுபவருக்கு அது அகப்படாது.

அளவை நூலார் இத்தகைய ஏதுவை அநைகாந்திகம் என்று ஏதுப்போலிகளுள் வைத்தனர். ஆனால் அதனால் தேதி பயனற்றதாகிவிடாது. யாரும் குறுக்கிடாத, கடிகாரம் சரியாக ஓடும் கணினி என்ற நிபந்தனையைச் சேர்த்தால் அது நல்ல ஏதுவே. நிபந்தனையை மறந்து முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதே பிழை.

முன், பின்

அண்மை என்பதற்கு இயல்பான அளவு கிடையாது. ஒரு மணி நேரமா, ஒரு வாரமா என்பதைத் தேடுபவர் முடிவு செய்கிறார். வைசேடிகர் காலத்தை நேரே காணும் பொருளாகக் கொள்ளவில்லை. முன், பின், ஒருங்கு, விரைவு, தாமதம் என்னும் உணர்வுகளை ஏதுவாகக் கொண்டு காலம் என்ற பொருளைக் கருதி அறிகிறோம் என்றனர். தேதிவாரியாக அடுக்கிய கோப்புப் பட்டியலும் முன், பின் என்னும் உறவைத்தான் தருகிறது. ஃபேட் முறைமையில் 2 நொடிக்குள் எழுதப்பட்ட இரண்டு கோப்புகள் ஒருங்கே பிறந்தவையாகத் தெரியலாம். அவற்றுள் எது முந்தியது என்று சொல்ல அந்தக் குறிகளால் முடியாது.

இந்த உறவு மட்டும் போதுமான வேலைகளும் உண்டு. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்னும் நிரல், மூலக் கோப்பு அதிலிருந்து உண்டான கோப்பைவிடப் புதியதா என்று மட்டும் பார்க்கிறது. புதியது என்றால் திரும்ப உருவாக்குகிறது. சரியான தேதி அதற்குத் தேவையில்லை, சரியான வரிசை போதும். கடிகாரம் பின்னே போனால் வரிசை கெடும். அப்போது, எதிர்காலத் தேதி கொண்ட கோப்பு இருப்பதாக ‘மேக்’ எச்சரிக்கும்.

திருத்திய தேதிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கடைசி மாற்றத்தை மட்டும் சொல்கிறது. புதிய தேதி எழுதப்படும் கணத்தில் பழைய தேதி அழிகிறது. பத்து முறை திருத்திய ஆவணமும் ஒருமுறை திருத்திய ஆவணமும் பட்டியலில் ஒன்றுபோலவே நிற்கும்.

நினைவு இன்றி மாற்றம் அறியப்படாது

மாற்றத்தை உறுதியாக அறிய ஒரே வழி, முன்னிருந்த நிலையையும் இப்போதுள்ள நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது. அதற்கு முன்னைய நிலையை யாராவது காத்து வைத்திருக்க வேண்டும். சங்கரர் தம் பிரம்ம சூத்திர பாடியத்தில் கணபங்க வாதிகளை நோக்கி எழுப்பிய தடை இதுவே. முன்பு கண்டவரும் இப்போது நினைப்பவரும் ஒருவராக இல்லாவிட்டால் நினைவு எப்படி நிகழும்? ‘நான் அதைக் கண்டேன், இதைக் காண்கிறேன்’ என்பதற்கு இரண்டு கணத்திலும் இருக்கும் ஒருவர் வேண்டும். முன் கணம் வாசனை எனப்படும் தன் பதிவைப் பின் கணத்துக்குத் தந்துவிட்டு மறைகிறது. நினைவுக்கு அது போதும் என்பது பௌத்தர் விடை.

கணினியில் இரண்டு வழியும் கையாளப்படுகின்றன. காப்பு நகலை வைத்து ஒப்பிடுவது முதல் வழி. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது இரண்டாவது. எஸ்எச்ஏ-256 என்னும் முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். முழுக் கோப்பையும் நினைவில் வைக்காமலே, அது மாறிவிட்டது என்று அறிய இந்தச் சுவடு போதும். கோப்புகளை ஒத்திசைக்கும் ‘ஆர்சிங்க்’ நிரல் இயல்பாக அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிடும். உறுதி வேண்டுவோர் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லலாம். முன்னது விரைவானது, பின்னது நம்பத்தக்கது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இன்னும் ஒரு படி செல்கிறது. பதிவு செய்த ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முந்தியதன் அடையாளத்தை எழுதிவைக்கிறது. அந்தப் பதிவுகளில் கோப்பின் திருத்திய தேதி இடம்பெறுவதே இல்லை. கணங்களின் தொடர் என்ற அளவில் இது சந்தானத்தை ஒத்தது. ஆனால் இங்கே முன் கணம் அழிவதில்லை. அழியாமல் இருப்பதால்தான் ஒப்பிட முடிகிறது.

செய்தவர் யார்

தேதி மாற்றத்தைச் சொல்கிறது, செய்தவரைச் சொல்வதில்லை. பட்டியலின் மேலே நிற்கும் கோப்புகளில் பல, மனிதர் கைபடாமல் மென்பொருள்கள் தாமே எழுதிக்கொண்டவை. கணபங்க வாதத்தின்மேல் பிற சமயத்தார் வைத்த கடுமையான குற்றச்சாட்டு இந்த இடத்தைச் சேர்ந்தது. செய்தவர் கணத்தில் மறைந்து வேறொருவர் பயனை நுகர்ந்தால், செய்தது வீணாகும், செய்யாதது வந்து சேரும். இவற்றைக் கிருதநாசம், அகிருதாப்யாகமம் என்றனர். பௌத்தர் தொடர்ச்சியே பொறுப்பைத் தாங்கும் என்று விடை சொன்னாலும், பொறுப்பு நிற்க ஏதோ ஓர் ஒருமை வேண்டும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி நடைமுறையாகிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. பதிவைச் சுருக்கிக் கணக்கிட்ட எண்ணையும், எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் அதில் எழுதி உரியவர்கள் கையெழுத்திட வேண்டும். தேதி மட்டும் சட்டத்துக்குப் போதவில்லை. உள்ளடக்கத்தின் சுவடும் அதற்குப் பொறுப்பேற்கும் மனிதரும் வேண்டும்.

முடிவு

கோப்பைப் பொறுத்தவரை பௌத்தர் கொண்ட தொடர்ச்சியே போதும். அதன் ஒருமை பெயர், உள் எண், பயன் ஆகியவற்றைக் கூட்டி மனிதர் வகுத்த வழக்கு. அதற்கு அப்பால் நிலைத்த சாரம் எதுவும் அங்கே தேட வேண்டியதில்லை. தேடுபவரைப் பொறுத்தவரை கேள்வி அவ்வளவில் தீர்வதில்லை. ‘நேற்று நான் திருத்தியது எது?’ என்று கேட்பவர், நேற்றுச் செய்தவரும் இன்று கேட்பவரும் ஒருவரே என்று ஏற்றுக்கொண்டே கேட்கிறார். அந்த ஒருமை ஆன்மாவா, தொடர்ச்சியா என்பதில் சமயங்கள் பிரிகின்றன. எந்தச் சமயத்தைச் சார்ந்தவரும் தாம் செய்த மாற்றத்துக்குத் தாமே பொறுப்பு என்பதிலிருந்து விலக முடியாது. ஆகவே திருத்திய தேதியைத் தேடலின் தொடக்கமாகக் கொள்க, முடிவாகக் கொள்ளற்க. மாற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்பதை உள்ளடக்கத்தை ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்; அதற்காக முன்னைய நிலையின் நகலைக் காத்து வைப்பது திருத்தும் ஒவ்வொருவரின் கடமை.